பொய்க்கும் வானமும் அளக்கும் வாயும்

லாத்விய மொழியில் ‘பூஸ்த் பீலீதெஸ்’ என்றொரு மரபுத்தொடர் உண்டு. சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் ‘வாத்துக்குஞ்சுகளை ஊதுதல்’. விளையாட்டாகப் புளுகுவதையும், வாய்க்கு வந்ததை அளந்துவிடுவதையும் அவர்கள் இப்படிச் சொல்கிறார்கள். இதை அறிந்ததும் நம் ஊர்ப் ‘பீலா விடுதல்’ நினைவில் எழாமல் இராது. ஒலியும் ஒத்துப்போகிறது, பொருளும் ஒத்துப்போகிறது. பால்டிக் கடலோரத்திலிருந்து கொற்கைத் துறைக்கு ஒரு பாய்மரக் கப்பலை ஓட்டிவிட்டால் ஆய்வுக் கட்டுரையே தயாராகிவிடும். அதற்குப் பெயர்தான் பீலா. ஒலி ஒப்புமை தவிர இரண்டையும் சேர்த்துக் கட்ட நம் கையில் சான்று எதுவும் இல்லை.

ஐரோப்பாவில் வாத்துக்கும் பொய்க்கும் நெடுநாள் உறவு. பிரெஞ்சில் வாத்தைக் குறிக்கும் ‘கனார்’ என்ற சொல் பொய்ச்செய்தியையும் குறிக்கும். 1915இல் தொடங்கிய பகடி இதழ் ஒன்று ‘சங்கிலியிட்ட வாத்து’ என்றே தனக்குப் பெயர் சூட்டிக்கொண்டது. ஜெர்மானியரும் பத்திரிகைப் பொய்யை வாத்து என்பர். ஆனால் கோவில்பட்டிக்குத் தென்கிழக்கே, பசுவந்தனையைச் சூழ்ந்த கரிசல் காட்டில் வாத்து மேய நீர் ஏது? பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விளையும் மானாவாரி நிலம் அது. அங்கு புழங்கும் தொடர்களும் அந்த வாழ்வுக்குப் பொருந்தி நிற்கின்றன. சரடு விடுகிறான் என்பார்கள், கயிறு திரிக்கிறான் என்பார்கள். பஞ்சும் நூலும் அறிந்தவர்களுக்கு, ஒன்றுமில்லாததுபோல் தோன்றும் பஞ்சிலிருந்து முழ முழமாக நூல் நீளும் அதிசயத்தை விளக்க வேண்டியதில்லை. ‘அளக்கிறான்’ என்பதில் களத்துமேட்டு மரக்கால் கண்முன் வருகிறது. களத்தில் தானியம் அளக்கையில் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்னாமல் ‘லாபம்’ என்று தொடங்கும் வழக்கம் தமிழகத்தில் உண்டு. கணக்கே ஒரு சின்ன நல்வாக்கோடு தொடங்குகிறது. பிறகு திரைப்படம் வந்து ‘ரீல்’ விடக் கற்றுக்கொடுத்தது. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டோர் மிகுந்த வட்டாரம் இது. அம்மொழியில் வீண் பெருமை பேசுவதைக் ‘கோதலு கோயடம்’ என்பார்கள். அங்கும் ஓர் அறுப்புத் தொழில் உள்ளே இருக்கிறது.

இவற்றையெல்லாம் ‘பொய்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடலாகாது என்பதே நம் கட்சி. கரிசல்காரருக்குப் பொய் என்பது முதன்மையாக வானத்தின் செயல். ‘மழை பொய்த்துவிட்டது’ என்கிறோம். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்தவனை வானம் கைவிடுவதுதான் அங்கே மெய்யான பொய். அதில் விதை போகிறது, கடன் ஏறுகிறது, குடும்பம் பிழைப்புத் தேடி ஊர் பெயர்கிறது. அந்தப் பொய்யை அறிந்தவர்கள், வேப்பமர நிழலில் ஒருவர் தம் தாத்தா ஒற்றைக் கையால் காளையை நிறுத்திய கதையைச் சொன்னால் அதற்கும் அதே சொல்லைச் செலவழிப்பதில்லை. “என்ன மாமா, இன்னைக்கு மரக்கால் கொஞ்சம் பெருசா இருக்கே” என்பதோடு சரி. மாமாவும் கோபிக்கமாட்டார். காளையோடு இன்னொன்றைச் சேர்த்து நிறுத்துவார்.

இந்தப் பாகுபாடு நாட்டார் வழக்கில் மட்டும் இருப்பதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் உரைநடையை வகைப்படுத்துகையில், நடப்புலகப் பொருளோடு பொருந்தாத பொய்ம்மொழிக்கும் பொருளோடு கூடிய நகைமொழிக்கும் தனித்தனி இடம் தந்தது. உரை வகுத்த பேராசிரியர், யானையும் குருவியும் நட்புக்கொண்டு இன்ன இடத்துக்குப் போய் இன்னது செய்தன என்பதுபோல் வழிவழியாகச் சொல்லப்படும் கதைகளைப் பொய்ம்மொழிக்குக் காட்டாக்குகிறார். வாய்மை என்றோர் அதிகாரமே வகுத்த வள்ளுவரும், குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றார். நம் மரபு பொய்யை மொத்தமாக வெறுத்ததும் இல்லை, மொத்தமாக ஏற்றதும் இல்லை. இன்ன பொய் என்று பெயரிட்டுப் பார்த்தது.

அளப்புக்கு ஓர் ஒழுங்கு உண்டு. சொல்பவர் எதிரில் இருக்கிறார். அவர் யார் மகன், நேற்று என்ன அளந்தார் என்பது கேட்பவருக்குத் தெரியும். நம்பினாலும் யாருக்கும் ஒரு படி தானியம் குறையாது. கேட்பவருக்கும் ஒரு கடமை உண்டு. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போயிற்று என்று பழமொழி அவர் பக்கமும் ஒரு விரலை நீட்டுகிறது.

கைப்பேசியில் வரும் வதந்திக்கு இந்த ஒழுங்கு எதுவும் இல்லை. அதைக் குறிக்க நம்மிடம் வினைச்சொல்கூட இல்லை. எவரும் விடவில்லை, திரிக்கவில்லை, அளக்கவில்லை. ‘வாட்ஸப்பில் வந்தது’, அவ்வளவுதான். எழுவாய் இல்லாத பொய். 2018 மே மாதம், குழந்தை கடத்துவோர் உலவுவதாக இப்படி ‘வந்த’ செய்திகள் வட மாவட்டங்களில் பரவின. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த முதியவள் ஒருத்தி அடித்துக் கொல்லப்பட்டாள். அதே ஆண்டு ஜூலையில் வாட்ஸப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப இயலாதபடி வரம்பு வைத்தது. எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கலாம். ‘இதை அளப்பது யார்?’ என்று கேட்கும் பழக்கத்தை எந்த நிறுவனமும் நிறுவித் தர இயலாது. அந்தக் கேள்வியைத் திண்ணையில் அளப்பு கேட்டு வளர்ந்தவர்கள் தம்மை அறியாமலே பயின்றிருந்தார்கள். விளையாட்டுப் பொய்யைக் கேட்டுப் பழகாத காது, வினைப்பொய்யின் முன் ஏமாந்து நிற்கிறது என்று நாம் கருதுகிறோம்.

ஆகவே இச்சொற்களைச் சேர்த்து வைப்பது வெறும் பழம்பொருள் ஆசையன்று. இருபது லட்சத்துக்கும் குறைவானோர் தாய்மொழியாகப் பேசும் லாத்விய மொழிக்குக் கிரிஷ்யானிஸ் பரோன்ஸ் என்றொருவர் வாய்த்தார். மக்கள் பாடிய சிறுபாடல்கள் இரண்டு லட்சத்துக்கு மேல் துண்டுத் தாள்களில் வகைப்பட்டு அவருடைய அலமாரியில் சேர்ந்தன. 1894 முதல் 1915 வரை அவை ஆறு தொகுதிகளாக வெளிவந்தன. அந்த அலமாரியை யுனெஸ்கோ 2001இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. நமக்கு இடைசெவல் கி. ராஜநாராயணன் வாய்த்தார். பல்கலைக்கழகம் எதுவும் பணிக்காமலே சம்சாரிகளின் வாய்ச்சொல்லைத் திரட்டி 1982இல் கரிசல் வட்டாரச் சொல்லகராதியைத் தந்தார். 2021 மே 17 அன்று அவர் மறைந்தபோது அரசு மரியாதை செய்தோம். அவர் தொடங்கிய வேலைக்குச் செய்ய வேண்டிய மரியாதை பாக்கி இருக்கிறது.

வாசகர்கள் தத்தம் ஊரில் பொய்க்கு வழங்கும் சொற்களைக் குறித்து வைக்கலாம். சொல்லை மட்டும் எழுதினால் போதாது. யார் யாரிடம் சொல்வது, மாமன் மைத்துனரிடையே செல்லுமா, பெரியவர் முன் செல்லுமா, சொன்னால் சிரிப்பு வருமா சண்டை வருமா என்பதும் வேண்டும். பசுவந்தனை வட்டாரத்திலிருந்து வருபவற்றை ஆவலோடு எதிர்பார்க்கிறோம். பசு வந்து சிவனை வழிபட்ட கதையைத் தன் பெயருக்குள்ளேயே வைத்திருக்கும் ஊர் அது. ஒரு வேண்டுகோள்: சொல் கிடைக்காத ஊர்க்காரர்கள் புதிதாகத் திரித்து அனுப்ப வேண்டாம். அனுப்பினால், திரித்தவர் பெயரைத் தவறாமல் எழுதவும்.