பழைய விளையாட்டுதானே என்று விட்டுவிடலாமா?



சென்ற பள்ளி விடுமுறையில் என் மகள் ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, அந்தப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க ஏன் கையில கத்தி வச்சிருக்காங்க?" அவள் நான்காம் ஆண்டு மாணவி. அவள் கையில் இருந்ததோ, இளமைக்கால விளையாட்டுகளை மீண்டும் ஆடிப் பார்க்கும் ஆசையில் நான் எனக்கென வாங்கிய கையடக்கக் கருவி.

அவள் பார்த்தது 'சைலண்ட் ஹில்'. கொனாமி நிறுவனம் 1999-ஆம் ஆண்டில் பிளேஸ்டேஷனுக்காக வெளியிட்ட திகில் விளையாட்டு. காணாமற்போன ஏழு வயது மகளைத் தேடி ஒரு தந்தை மூடுபனி சூழ்ந்த ஊரில் அலைகின்றார். அவ்வூர்த் தொடக்கப்பள்ளியில், குழந்தை உருவில் கத்தியேந்திய கோர உருவங்கள் அவரைத் தாக்க வருகின்றன. அமெரிக்கப் பதிப்பில் இடம்பெற்ற அவ்வுருவங்களை ஜப்பானிய, ஐரோப்பியப் பதிப்புகளில் மாற்றிவிட்டார்கள். என் கருவியில் இருந்தது அமெரிக்கப் பதிப்பு.

இக்கருவிகளை அறியாத பெற்றோருக்காகச் சிறு விளக்கம். ஒரு கருவியை வேறொரு கருவியைப் போல நடந்துகொள்ளச் செய்யும் மென்பொருளுக்கு எமுலேட்டர் என்று பெயர். அன்று தொலைக்காட்சியோடு இணைத்து, வட்டு இட்டு ஆடியதை இன்று உள்ளங்கையில் ஆடலாம். நகக்கண் அளவு நினைவக அட்டையில் ஆயிரக்கணக்கான விளையாட்டுகளை நிரப்பியே பல கடைகளில் விற்கின்றார்கள். 'பழைய விளையாட்டு' என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மாரியோவும் பேக்மேனும்தான். ஆனால் பட்டியலில் ஆங்கில 'எஸ்' வரிசையில், சிறுவர் விரும்பும் 'ஸ்பைரோ'வுக்குச் சற்று மேலேயே 'சைலண்ட் ஹில்' இருக்கின்றது. அமெரிக்காவில் விற்ற அதன் பெட்டியின் மேல், பதினேழு வயதுக்கு மேற்பட்டோருக்கு உரியது என்னும் குறியீடு இருந்தது. நினைவக அட்டையில் பெட்டியும் இல்லை, குறியீடும் இல்லை. கோப்பின் பெயர் மட்டுமே உண்டு.

இவ்விளையாட்டுகளை நான் இழிவாகக் கருதவில்லை. பிளேஸ்டேஷனால் தொலைவில் உள்ளவற்றை வரைந்து காட்ட இயலாத குறையை மறைக்க மூடுபனியையும் இருளையும் பயன்படுத்தி, அவற்றையே அச்சத்தின் ஊற்றாக்கினார்கள். 1996-இல் வெளிவந்த 'ரெசிடன்ட் ஈவில்' விளையாட்டிலும் இப்படித்தான். வட்டிலிருந்து அடுத்த அறையை ஏற்ற ஆகும் நேரத்தை, மெல்லத் திறக்கும் ஒரு கதவின் காட்சியால் நிரப்பினார்கள். ஆடியதைச் சேமிக்கத் தட்டச்சுப் பொறியைக் கண்டுபிடிக்க வேண்டும். மை நாடாவும் கையில் இருக்க வேண்டும். நாடாவோ அளவாகத்தான் கிடைக்கும். அடுத்த அறைக்குப் போவதா, திரும்பிச் சென்று சேமிப்பதா என்னும் தவிப்புத்தான் அவ்விளையாட்டின் உயிர்.

எமுலேட்டரில் எந்த நொடியிலும் சேமிக்கலாம். விட்ட நொடியிலிருந்தே தொடரலாம். என் மகள் நேரே பள்ளிக்கூடக் காட்சிக்குள் விழுந்ததும் இவ்வாறே. முதல் நாள் இரவு நான் அங்கே சேமித்து வைத்திருந்தேன். அவள் ஒரு பொத்தானைத்தான் அழுத்தினாள். தவிப்பும் எச்சரிக்கையும் நீங்கி, கோரக் காட்சி மட்டும் சிறுபிள்ளையின் கண்முன் வந்து நின்றது. முன்பு இவ்விளையாட்டுகள் வீட்டு வரவேற்பறையில் நடந்தன. பெரியவர் யாரேனும் கடந்து செல்வார், "என்ன கண்றாவி இது?" என்றாவது கேட்பார். இன்று காதொலிக் கருவியோடு போர்வைக்குள் நடக்கின்றன.

உரிமை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எமுலேட்டர் தன்னளவில் குற்றமன்று. சோனி தொடுத்திருந்த வழக்கில் 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், எமுலேட்டர் உருவாக்கிய கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆனால் உரிமம் பெறாமல் அட்டையில் நிரப்பித் தரும் விளையாட்டுகள் திருட்டுப் படிகளே. கட்டுரையில் பார்த்தெழுதிய வரியைச் சிவப்பு மையால் சுழிக்கும் ஆசிரியர் நான். என் அட்டையும் அப்படி வந்ததுதான். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளுள் 87 விழுக்காடு விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டி நண்பர்கள் வாதாடுவார்கள். அவ்வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும் முதல் 'ரெசிடன்ட் ஈவில்' 2024-இல் கணினிக்கு முறைப்படி மறுவெளியீடு கண்டுவிட்டது. வாங்க வழியுள்ளதை வாங்குவதே முறை.

பிள்ளைகளிடமிருந்து கருவியைப் பிடுங்கிவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பரிசாகக் கொடுக்கும் முன் அட்டையைக் கழற்றிக் கணினியில் இட்டு, பிளேஸ்டேஷன் என்னும் கோப்புறையைத் திறந்து ஒரு மணி நேரம் செலவிடுங்கள். பெயர் தெரியாதவற்றை இணையத்தில் தேடி, வயதுக் குறியீட்டைப் பாருங்கள்; பொருந்தாதவற்றை நீக்குங்கள். ஆசிரியர் நண்பர்களே, உங்கள் கருவி உங்கள் மேசை இழுப்பறையில் இருக்கட்டும், பூட்டியே இருக்கட்டும்.

மகளிடம், அது பெரியவர்களுக்கான கதை, அப்பா கவனக்குறைவாக வைத்துவிட்டேன் என்று சொன்னேன். "அந்த அப்பாவுக்கு மகள் கிடைச்சிட்டாளா?" என்று கேட்டாள். அன்றிரவு விளக்கை அணைக்க வேண்டாம் என்றாள். அணைக்கவில்லை.