திரும்பி வருவேன் என்றவர்



2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாளை நம் கடற்கரை எளிதில் மறக்காது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆழிப்பேரலை ஊர்களுக்குள் புகுந்தது. அடுத்த சனவரி முதல் வாரத்தில், எங்கள் பங்கிலிருந்து சிலர் அரிசி, பாய், பாத்திரங்களோடு மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள ஒரு மீனவக் குப்பத்துக்குச் சென்றோம். மூன்று நாள் தங்கிச் சமைத்துப் பரிமாறினோம். மணலில் புதைந்த வலைகளை இழுத்து எடுத்தோம். அங்கே குடிசையை இழந்த ஒரு மூதாட்டிக்கு எட்டு வயதில் ஒரு பேரன் இருந்தான். மூன்று நாளும் அவன் என் கையை விடவில்லை. புறப்படும்போது, "பொங்கல் கழித்து வரும் ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருவேன், உனக்குப் புத்தகப் பை வாங்கி வருவேன்" என்று அவனிடம் சொன்னேன்.

நான் போகவில்லை. முதல் வாரம் அலுவலக வேலை குறுக்கிட்டது. அடுத்த வாரம் வீட்டில் காய்ச்சல். அதன்பின் மறந்தே போனேன். ஈராண்டுகள் கழித்து, ஊரிலிருந்து வந்த உறவினருக்குக் கடற்கரைக் கோயிலைக் காட்டச் சென்றபோது, சாலையோரம் மீன் கூடையோடு அமர்ந்திருந்த அந்த மூதாட்டியைக் கண்டேன். அவர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "நீ வருவேன்னு புள்ள ரெண்டு ஞாயித்துக்கெழமை ரோட்டாண்ட போயி நின்னான், தம்பி" என்றார். அவ்வளவுதான்.

அன்று முதல் என் உள்ளத்தை அரித்த கேள்வியையே இம்மாதம் உங்கள் முன் வைக்கிறேன். சில நாள் சென்று உதவிவிட்டு வருவது வீணா? ஓரிடத்தில் ஆண்டுக்கணக்கில் வேரூன்றி உழைப்பது மட்டும்தான் கிறிஸ்தவ அன்புப் பணியா?

வீண் என்று சொல்லமாட்டேன். பசித்தவருக்கு அன்றைக்கு அன்றே சோறு வேண்டும். எங்கள் மூன்று நாள் சமையலில் குற்றமில்லை. நான் கொடுத்துவிட்டு மறந்த வாக்கில்தான் குற்றம். துயரத்தில் இருப்பவரிடம் நாம் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வரும் 'வருவேன்' என்ற சொல் அவருக்குச் சாதாரணச் சொல் அன்று. அவர் அதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்.

நல்ல சமாரியர் உவமையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். லூக்கா நற்செய்தியின் 10 ஆம் அதிகாரத்தை மறுபடியும் ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். சமாரியர் ஒரு வழிப்போக்கர். அவர் அந்த ஊரிலேயே குடியேறிவிடவில்லை. காயங்களைக் கட்டி, அடிபட்டவரைத் தம் விலங்கின்மீது ஏற்றி, சத்திரத்தில் சேர்த்து, அன்றிரவு உடனிருந்து கவனித்தார். மறுநாள் இரண்டு தெனாரியத்தைச் சத்திரக்காரரிடம் கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவைத் தாம் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லித் தம் வழியே போனார். புண் ஆறும்வரை கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர் யார்? சத்திரக்காரர்! நாம் அவரைப் பற்றிப் பேசுவதே இல்லை. சமாரியரின் பணி குறுகிய காலப் பணிதான். ஆயினும் அதில் மூன்று சிறப்புகள் உண்டு. தம்மிடம் இருந்ததை அவர் முழுமையாகக் கொடுத்தார். அங்கேயே இருக்கப்போகும் ஒருவரிடம் பொறுப்பை நேரில் ஒப்படைத்தார். திரும்பி வருவதைத் தம் கடனாக ஏற்றுக்கொண்டார். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பணி அரைகுறைதான்.

ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரை இதை நன்றாகக் கண்டது. எங்கிருந்தோ வந்த பழைய துணிகள் எடுப்பாரின்றிச் சாலையோரங்களில் குவிந்தன. வள்ளங்களும் வலைகளும் நன்கொடையாக வந்தன. ஆனால் படகு இல்லாத கூலித் தொழிலாளர்களும், உப்பங்கழிகளில் கையால் இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்களும் பல இடங்களில் பட்டியலில் விடுபட்டுப் போயினர். இரண்டு நாளில் வந்துபோகிறவர் கண்ணுக்கு எதிரே நிற்பவரே தெரிவார். பின்னால் ஒதுங்கி நிற்பவர் தெரிய வேண்டுமானால், அந்தத் தெருவில் பலமுறை நடந்திருக்க வேண்டும்.

நம் செங்கற்பட்டுக்கு அருகிலேயே இதற்கு ஓர் அரிய சான்று உண்டு. திருமணியில் இன்று மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் இடத்தில் 1924 ஆம் ஆண்டில் சீமாட்டி வில்லிங்டன் பெயரால் தொழுநோய் இல்லம் தொடங்கப்பட்டது. அங்கே பணிபுரிந்தவர் டாக்டர் இராபர்ட் காக்ரேன். அவருடைய அழைப்பின்பேரில் 1947 இல் அந்த இல்லத்தைப் பார்க்க வந்தார், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய இளம் அறுவை மருத்துவர் பால் பிராண்டு. அவர் கொல்லிமலையில் பிறந்தவர். ஆயினும் அப்போது குறுகிய கால ஏற்பாட்டில்தான் இந்தியா வந்திருந்தார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தம் கையை இறுகப் பிடிக்கச் சொன்னார். செயலற்றதாகத் தோன்றிய அந்தக் கை, அவர் வலியால் துடிக்கும் அளவுக்குப் பற்றியது! அப்படியானால் அந்தக் கையில் உயிருள்ள தசைகள் இன்னும் இருக்கின்றன. அவற்றைக்கொண்டு விரல்களை நிமிர்த்த முடியும் என்று அவர் உணர்ந்தார்.

பார்வையிட வந்தவர் அந்த வியப்போடு ஊர் திரும்பியிருக்கலாம். அவர் திரும்பவில்லை, பதினெட்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் நம் நாட்டிலேயே தங்கினார். நல்ல தசையின் நாணை இடம் மாற்றித் தைக்கும் அறுவை முறையைப் பொறுமையோடு வளர்த்தார். அறுவை முடிந்தபின்னும் அந்தக் கைக்குப் பல வாரப் பயிற்சி தேவைப்பட்டது. நிமிர்ந்த விரல்களோடு வீடு திரும்பியவருக்குத் தொழில் வேண்டும் என்பதும் அருகிலேயே இருந்ததால்தான் அவருக்குப் புரிந்தது. அவருடைய அன்னை எவலின் பிராண்டு, 1929 இல் கணவரை இழந்தபின்னும் நம் மலைமக்களைக் கைவிடாமல் உழைத்து, 1974 இல் தம் தொண்ணூற்றைந்தாம் வயதில் இந்த மண்ணிலேயே கண்மூடினார்.

நம் திருச்சபையின் புனித தமியானை எடுத்துக்கொள்வோம். மொலக்காய்த் தீவில் ஒதுக்கப்பட்டிருந்த தொழுநோயாளரிடம் நான்கு குருக்கள் முறைவைத்து மாறி மாறிச் சென்று வரலாம் என்பதே முதல் ஏற்பாடு. 1873 மே மாதம் முதல் முறைக்காரராகச் சென்றார் முப்பத்து மூன்று வயதுத் தமியான். அங்கேயே இருக்க அனுமதி வேண்டினார். பதினாறு ஆண்டுகள் உழைத்து, அதே நோயால் 1889 இல் இறந்தார். 2009 இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

"நாங்கள் தமியானாக முடியுமா? வீடு, வேலை, பிள்ளைகள் இருக்கின்றனவே!" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. யாரும் தீவுக்குப் போக வேண்டாம். அடுத்த தெருவுக்குப் போனால் போதும். 1833 இல் பாரிசு நகரில் இருபது வயது மாணவர் பிரடெரிக் ஓசானாமும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை, ஏழையின் வீட்டுக்குத் தவறாமல் நேரில் செல்வதையே தன் உயிர்நாடியாகக் கொண்டது. மரியாயின் சேனையினரும் வாரந்தோறும் இருவர் இருவராகவே செல்கின்றனர். நம் அன்பியங்களும் ஒரு தெரு அடுத்த தெருவை அறியவேண்டும் என்றே அமைந்தவை.

ஆகையால், சில எளிய வழிகளைச் சொல்கிறேன். ஒரு குடும்பம் ஒரு வீட்டை மட்டும் ஏற்றுக்கொள்ளட்டும். மாதம் இருமுறை, ஓராண்டுக்கு, குறித்த நாளில் போகட்டும். கையில் பொருள் இல்லாத நாளிலும் போகட்டும். அன்றுதான் நாம் அவர்களைப் பார்க்க வந்தோம் என்பது அவர்களுக்கு விளங்கும். இருவராகச் செல்லுங்கள், ஒருவர் நோயுற்றால் மற்றவர் போகலாம். ஊர் மாறிப் போகிறவர், அடுத்து வரப்போகிறவரைத் தம்மோடு அழைத்துச் சென்று அறிமுகம் செய்து விடைபெறட்டும். மருத்துவ முகாம், பண்டிகைக் கால உதவி போன்று ஒரே நாள் பணியாக இருந்தால், ஒரே நாள்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதில் இழிவில்லை.

அன்று மூதாட்டியிடமிருந்து வந்தபின், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே புத்தகப் பையோடு நானும் என் மனைவியும் குப்பத்துக்குச் சென்றோம். பையன் வெளியே வரவில்லை. மறுமாதமும் வரவில்லை. மூன்றாம் மாதம் கதவருகே நின்று பார்த்தான். ஐந்தாம் மாதம்தான் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். மூன்று நாளில் கிடைத்த நம்பிக்கையை ஒரு சொல்லால் உடைத்தேன். அதைத் திரும்பப் பெற ஐந்து மாதம் ஆயிற்று. அதுவும் அவனுடைய பெருந்தன்மையால்.

இந்த மாதம் நீங்கள் யாருடைய வாசலிலாவது நின்று 'திரும்பி வருவேன்' என்று சொல்ல நேர்ந்தால், எந்த நாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் நாட்காட்டியில் அந்த நாளைக் குறித்து வையுங்கள். சாலையில் ஒரு பிள்ளை காத்து நிற்கலாம்.