எலியும் பழியும்

ஹாலிவுட் நடிகர் ஜீன் ஹாக்மனின் மனைவி 2025 பிப்ரவரியில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் தமது இல்லத்தில் இறந்து கிடந்தார். எலியிடமிருந்து தொற்றிய ஒருவகை நுரையீரல் நோயே மரணத்துக்குக் காரணம் என்று மருத்துவ அதிகாரிகள் மார்ச் மாதம் அறிவித்தனர். பணமும் புகழும் நிறைந்த வீடு அது. எலிக்கு அதெல்லாம் தெரியாது. ஹண்டா வைரஸ் என்ற பெயரைப் பலரும் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டிருப்பார்கள். ஆனால் அதே மாநிலத்தில் 32 ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கிருமி ஒரு பெரும் கலக்கத்தை உண்டாக்கியிருந்தது. பிழைப்பைத் தேடி ஊர் விட்டு வந்து, பிறர் கிட்டங்கிகளிலும் அலுவலகங்களிலும் உழைக்கும் தமிழர்கள் அறிந்திருக்க வேண்டிய கதை அது.

1993 மே மாதத்தில் நியூ மெக்சிகோவின் கேலப் நகர மருத்துவமனைக்கு நவஹோ பழங்குடி இளைஞர் ஒருவர் கொண்டுவரப்பட்டார். அவர் ஓட்டப்பந்தய வீரர். நல்ல திடகாத்திரமான உடல். திருமணம் நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணின் இறுதிச் சடங்குக்குப் போய்க்கொண்டிருந்த வழியில் மூச்சுத் திணறியது. டாக்டர்கள் எவ்வளவோ முயன்றும் பலனில்லை. அந்தப் பெண்ணும் சில நாட்களுக்கு முன்பு இதேபோல் மூச்சுத் திணறித்தான் இறந்திருந்தார். விசாரிக்க விசாரிக்க, சுற்றுவட்டாரத்தில் இவ்வாறே மாண்ட வேறு இளைஞர்களின் விவரமும் வெளிவந்தது. முதலில் கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் பிழைக்கவில்லை.

இந்நோயின் வஞ்சகம் அதன் தொடக்கத்தில் இருக்கிறது. கிருமி உடலுக்குள் புகுந்த பின் 1 முதல் 8 வாரம் வரை ஒன்றும் தெரியாது. பிறகு காய்ச்சல், தலைவலி, அசதி. தொடை, இடுப்பு, முதுகு ஆகிய பெரிய தசைகளில் கடுமையான வலி. பலருக்கு வாந்தி, வயிற்றுவலி, பேதியும் உண்டு. சாதாரண சளிக் காய்ச்சலில் வருவதுபோல மூக்கு ஒழுகுவதோ தொண்டை கரகரப்பதோ பெரும்பாலும் இராது. மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு வேலைக்குப் போகக்கூடிய ஜுரமாகவே சில நாட்கள் தோன்றும். நான்கு முதல் பத்து நாட்களில் இருமல் தொடங்கும். அதன் பின் காரியம் மணிக்கணக்கில் நடந்து முடிந்துவிடுகிறது. நுரையீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிந்து, காற்று நிற்க வேண்டிய இடத்தில் நீர் நிரம்புகிறது. இரத்த அழுத்தம் வீழ்கிறது, இதயம் தளர்கிறது. இந்தக் கட்டத்தை அடைந்தவர்களில் பலர் ஓரிரு நாட்களுக்குள் இறந்துவிடுகிறார்கள். அதைத் தாண்டிவிட்டவரோ வியக்கத்தக்க வேகத்தில் தேறிவிடுகிறார்.

இரத்தப் பரிசோதனையில் சில தடயங்கள் கிடைக்கும். டெங்கு காய்ச்சலில் போலவே தட்டணுக்கள் குறையும், நீர் கசிந்துவிடுவதால் இரத்தம் கெட்டிப்படும், வெள்ளணுக்கள் பெருகும். விந்தை என்னவென்றால், இந்தக் குழாய்களின் உட்சுவர்ச் செல்களில் கிருமி குடியேறினாலும் அவற்றை அது அழிப்பதில்லை. கிருமியை விரட்ட உடல் எழுப்பும் எதிர்ப்பே வரம்பு மீறிப்போய்க் குழாய்களைக் கசிய வைக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வலிமையான உடல் படைத்த இளைஞர்கள் மாண்ட மர்மத்துக்கு இது ஓரளவு விளக்கம் தரும்.

1993இல் இந்த விளக்கமெல்லாம் கிடைக்குமுன் வேறொரு விளக்கத்தைப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் தந்துவிட்டன. இறந்தவர்களில் பலர் நவஹோ மக்கள் என்பதால் "நவஹோ காய்ச்சல்" என்று பெயர் சூட்டப்பட்டது. பிறகு கேட்க வேண்டுமா? ஓட்டல்களில் அவர்களைக் கண்டு பிறர் விலகினார்கள். கலிபோர்னியாவிலுள்ள கடிதத் தோழர்களைக் காணப் புறப்பட்ட நவஹோ பள்ளிக் குழந்தைகளிடம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். துக்கம் கேட்கப் போன வீடுகளுக்கு முன்னால் காமிராக்கள் நின்றன.

பழியைத் துடைத்தது மரபணு ஆராய்ச்சிதான். அட்லாண்டா நகரிலுள்ள அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையத்துக்கு நோயாளிகளின் இரத்தம் அனுப்பப்பட்டது. அங்கிருந்த பலவகைக் கிருமிகளோடு ஒப்பிட்டபோது ஹண்டா வைரஸ் இனத்தோடு மட்டும் அது பொருந்தியது. அதுவும் தூரத்து உறவினரின் முகச்சாயலைப்போல அரைகுறையாகத்தான். அதுவரை அறியப்பட்டிருந்த ஹண்டா வைரஸ்கள் ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் சிறுநீரகத்தைத் தாக்குபவை. 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரில் 3,000க்கு மேற்பட்ட ஐ.நா. படையினரை வீழ்த்திய காய்ச்சலின் கிருமியைத் தென் கொரியாவின் டாக்டர் லீ ஹோ வாங் 1970களில் வயல் எலியிலிருந்து கண்டுபிடித்தார். அங்குள்ள ஹண்டான் ஆற்றின் பெயரே இந்த இனத்துக்கு அமைந்தது. சிறுநீரகக் கிருமியின் உறவினன் நுரையீரலில் என்ன செய்கிறான் என்று அறிஞர்கள் திகைத்தார்கள்.

ஹண்டா வைரஸின் பரம்பரைச் செய்தி மூன்று துண்டு ஆர்.என்.ஏ.வாக எழுதப்பட்டிருக்கிறது. சிறியது கிருமியின் உள்ளுறைக்கு. நடுத்தரமானது, செல்லுக்குள் நுழையப் பயன்படும் மேற்புரதங்களுக்கு. பெரியது பிரதி எடுக்கும் இயந்திரத்துக்கு. மூன்றையும் கூட்டினால் சுமார் 12,000 எழுத்துக்கள்தாம். மனிதனின் மரபுச் செய்தி 300 கோடி எழுத்துக்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் எவ்வளவு சிறிய எதிரி என்பது விளங்கும். இறந்தவர்களின் உறுப்புத் திசுக்களிலிருந்து இந்தச் செய்தியின் ஒரு பகுதியைப் பிரித்துப் பெருக்கிப் படித்தார்கள். அது புதியதாக இருந்தது. அப்பகுதியில் பொறி வைத்து ஏராளமான எலிகளைப் பிடித்தார்கள். வெள்ளை வயிறும் மானின் நிறமும் கொண்ட "மான் எலி" என்னும் சிறு எலிகளில் சுமார் 30 சதவிகிதத்தில் இக்கிருமி இருந்ததற்கான அடையாளம் தெரிந்தது. நோயாளி வீட்டில் பிடிபட்ட எலியின் கிருமியும் நோயாளியின் கிருமியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போயின. இவ்வளவும் சில வாரங்களில் முடிந்தது. கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் கையில் பிடித்ததோ நவம்பரில்தான்.

எலியின் சிறுநீர், புழுக்கை, எச்சில் காய்ந்து தூசியோடு எழும்போது அதைச் சுவாசிப்பவருக்கு நோய் வருகிறது. அமெரிக்காவின் இந்தக் கிருமி மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதில்லை. அப்படியானால் குழந்தைகளைத் திருப்பி அனுப்பியதற்கு என்ன அர்த்தம்? முந்திய பருவங்களில் நல்ல மழையும் பனியும் பெய்து, காட்டுப் பருப்பு மிகுதியாக விளைந்து, எலிகள் பல மடங்கு பெருகியிருந்தன. அந்த ஆண்டு நோய் வந்த காரணம் இதுதான். நவஹோ முதியவர்கள் இதை முன்பே அறிந்திருந்தார்கள். பருப்பு பெருகினால் எலி பெருகும், எலி பெருகினால் வாலிபர்கள் சாவார்கள் என்றும், 1918இலும் 1930களிலும் இப்படி நடந்ததுண்டு என்றும், எலி தீண்டிய பண்டமும் துணியும் வீட்டுக்கு ஆகாது என்றும் அவர்கள் கூறினார்கள். கேட்டிருக்க வேண்டிய இடத்தில் கேட்காமல் பழிபோட்டார்கள்.

பெயர் சூட்டுவதிலும் தகராறு. அப்பகுதியின் பெயரை வைத்தபோது ஊரார் எதிர்த்தார்கள். நவஹோ நிலத்திலுள்ள ஒரு பள்ளத்தாக்கின் பெயரை வைத்தபோது நவஹோ மக்கள் எதிர்த்தார்கள். கடைசியில் "சின் நோம்ப்ரே" என்று முடிவாயிற்று. ஸ்பானிய மொழியில் அதற்குப் "பெயரில்லாதது" என்று பொருள். மும்பையில் எந்தக் காய்ச்சல் பரவினாலும் குடிசைப் பகுதியையும் வெளியூரானையும் நோக்கியே முதல் விரல் நீள்வதைக் கண்டவர்களுக்கு அந்த எதிர்ப்பின் நியாயம் புரியும்.

மரபணு இன்னும் சில வேலைகளைச் செய்தது. தென் அமெரிக்காவில் காணப்படும் ஆண்டிஸ் என்ற வகை மனிதரிடமிருந்தும் தொற்றும் என்பதை நிரூபித்தது. அர்ஜென்டினாவின் எபுயென் என்ற சிற்றூரில் 2018 நவம்பர் முதல் 2019 பிப்ரவரி வரை 34 பேருக்கு நோய் வந்து 11 பேர் இறந்தனர். அவர்களுடைய கிருமியின் எழுத்துக்களை வரிசையாக ஒப்பிட்டு, ஒரு பிறந்தநாள் விருந்தில் பரவத் தொடங்கிய சங்கிலியை ஆய்வாளர்கள் கண்டார்கள். மனிதரின் மரபணுவும் கவனத்துக்கு வந்தது. உடலின் எதிர்ப்புச் சக்தியை நடத்தும் எச்.எல்.ஏ. மரபணுக்களில் பி-35 என்ற வகை, அமெரிக்க நோய் கடுமையாகத் தாக்கியவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டது. இதைத் தலையெழுத்து என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த வகை உடையவரும் எலித் தூசியைச் சுவாசித்தால்தானே ஆபத்து?

அமெரிக்காவில் 1993 முதல் 2022 வரை 864 பேருக்கு ஹண்டா வைரஸ் நோய் பதிவாகியிருக்கிறது. மூன்றில் ஒருவருக்குமேல் இறந்திருக்கிறார்கள். நுரையீரல் நோயைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. அதற்கான தடுப்பூசியும் கிடையாது. நேரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்து, தேவைப்பட்டால் இரத்தத்தை வெளியே எடுத்துப் பிராணவாயு ஏற்றித் திரும்பச் செலுத்தும் கருவியைப் பொருத்துவதே வழி. வருமுன் காப்பதற்கோ கருவி எதுவும் வேண்டாம். பூட்டிக் கிடந்த அறையின் கதவு, சன்னல்களைத் திறந்துவிட்டு அரை மணி வெளியே இருக்க வேண்டும். எலிப் புழுக்கையை உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்கவே கூடாது. ஒரு பங்கு குளோரின் சலவைத் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, நன்றாக நனைய ஊற்றி, ஐந்து நிமிடம் ஊறவிட்டுக் கையுறையோடு ஈரத்துணியால் எடுக்க வேண்டும். 2012இல் அமெரிக்காவின் யோசெமிட்டி வனப் பூங்காவுக்குச் சென்றவர்களில் 10 பேருக்கு நோய் வந்து 3 பேர் இறந்தனர். பெரும்பாலோர் தங்கிய இரட்டைச் சுவர்க் கூடாரங்களின் சுவர் இடுக்குகளில் எலிகள் கூடு கட்டியிருந்தன.

மான் எலி வட அமெரிக்காவுக்கு உரியது, இந்தியாவில் இல்லை. எனவே இங்கே பீதிக்கு இடமில்லை. ஆயினும் ஹண்டா இனத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1964இல் வேலூர்ப் பகுதியில் பிடிபட்ட மூஞ்சூறிலிருந்து ஒரு வைரஸைப் பிரித்து, தொட்டப்பாளையத்தின் பெயரை அதற்கு இட்டார்கள். கொரியக் கிருமிக்கும் முந்தியது அது. ஹண்டா இனத்தைச் சேர்ந்தது என்று பின்னாளில்தான் தெரிந்தது. மனிதருக்கு அது நோய் தருவதாக நிலைநாட்டப்படவில்லை. அதனால்தானோ என்னவோ, தொட்டப்பாளையத்தார் யாரும் பெயரை மாற்றச் சொல்லவில்லை! வேறொரு செய்திதான் கவனிக்க வேண்டியது. வேலூர் ஆய்வாளர்கள் பின்னர் காய்ச்சல் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தபோதும், தானியக் கிட்டங்கித் தொழிலாளர்களையும் எலி பிடிக்கும் இருளர்களையும் சோதித்தபோதும், சிலரிடம் ஹண்டா வைரஸ்களுக்கு எதிரான தற்காப்புப் பொருள் இருந்தது. ஏதோ ஒரு வகை இங்கும் நடமாடுகிறது என்பதற்கு அது அறிகுறி. சாக்கடைகளின் பழுப்பு எலி கப்பலேறி உலகத் துறைமுகங்களுக்கெல்லாம் கொண்டுபோன, சிறுநீரகத்தைத் தாக்கும் வகையும் ஒன்று உண்டு.

மும்பைத் துறைமுகக் கிட்டங்கியிலும் வாஷி தானியச் சந்தையிலும் மூட்டைகளை நகர்த்திய பின் கூட்டுபவர் யார், அலுவலகத்தின் பழைய பைல் அறையைத் திறந்து தூசி தட்டுபவர் யார் என்பது தெரிந்ததே. அவருக்குக் கையுறையும் ஒரு வாளி மருந்து நீரும் தருவதை முதலாளிகள் தயவாகக் கருதக் கூடாது. மாநகராட்சி அதைக் கட்டாயமாக்க வேண்டும். காய்ச்சல் நோயாளிகளில் எலியோடு புழங்குபவர்களைத் தனியாகக் கணக்கெடுத்து இக்கிருமிக்கும் சோதிக்க வேண்டும். 2005 ஜூலை வெள்ளத்துக்குப் பின் எலிக் காய்ச்சல் இந்நகரில் எத்தனை குடும்பங்களை அழவைத்தது என்பது மறந்திருக்காது. அதற்காவது மருந்து உண்டு. டாக்டர் சரியான நேரத்தில் சந்தேகப்பட்டால்தான் அதுவும் பயன்படும்.

டாக்டர் சந்தேகப்படுவதற்கு நோயாளி வாய் திறக்க வேண்டும். ஜுரத்தோடு போகிறவர், எலி நடமாடும் இடத்தில் வேலை செய்வதையோ, பண்டிகைக்கு ஊர் போய்ப் பூட்டிக் கிடந்த வீட்டைக் கூட்டியதையோ சொல்லிவிட வேண்டும். எலிக்கு இந்தியில் 'சூஹா', மராத்தியில் 'உந்தீர்'.