விசுவாசம் மட்டும் போதும் என்றால், அகப்பையைத் தர ஏன் தயக்கம்?

தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை. ஊரில் சாதிச் சான்றிதழ் சிக்கல் ஒன்றுக்காகப் போயிருந்த எங்களையும் அசனத்துக்கு இருக்கச் சொன்னார்கள். காலை ஆராதனையில் சேகரகுரு நல்ல பிரசங்கம் செய்தார். தலைப்பு, விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல். கடவுளுக்கு முன்னால் குலமோ படிப்போ நற்செயலோ எதுவும் தகுதி ஆகாது, வெறுங்கையோடு வருகிறவனைத்தான் அவர் ஏற்றுக்கொள்கிறார் என்றார். சபை ‘ஆமென்’ சொன்னது.

பிற்பகலில் கோயிலுக்குப் பின்னால் அடுப்பு எரிந்தது. கீழத்தெரு மக்கள் வீட்டுக்கு இவ்வளவு என்று அரிசி கொடுத்திருந்தார்கள். விறகு பிளந்ததும் அண்டா சுமந்ததும் தண்ணீர் எடுத்ததும் அவர்கள்தான். உலையில் அரிசி போடவும் அகப்பை பிடிக்கவும் இலையில் பரிமாறவும் மட்டும் மேலத்தெருக்காரர்கள். ‘காலங்காலமா இப்படித்தான், யாரும் தப்பா எடுத்துக்கிறதில்ல’ என்று ஒருவர் எங்களிடம் விளக்கம் சொன்னார். நாங்கள் கேட்காமலே சொன்னார்.

எங்கள் பக்கத்தில் இருந்த பெரியம்மா ஒருவர் இலையை மடக்கியபடி கேட்டார்: “ஏ பிள்ளைகளா, காலைல ஐயர் என்ன சொன்னாவ? விசுவாசம் மட்டும் போதும், சாமி வேற ஒண்ணும் கேக்க மாட்டாருன்னுதான சொன்னாவ? அப்போ இவுக எதுக்கு வேற கேக்காவ?”

(திருநெல்வேலிப் பக்கம் கிறித்தவ குருவானவரை ‘ஐயர்’ என்று அழைப்பது வழக்கம். அந்தச் சொல் ஆலயத்துக்குள் எப்படி வந்து உட்கார்ந்தது என்பது தனியாக எழுத வேண்டிய கதை.)

அன்று அவருக்கு நாங்கள் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. எங்களில் சிலர் ஞானஸ்நானம் பெற்றவர்கள், சிலர் அம்பேத்கர் வழியில் பௌத்தம் ஏற்றவர்கள், சிலருக்குக் கடவுளே இல்லை. இறையியல் எங்கள் தொழிலும் அல்ல. ஆனாலும் ‘சாதி ஒரு சமூகப் பிரச்சினை, விசுவாசம் ஆவிக்குரிய விஷயம், இரண்டையும் குழப்பாதீர்கள்’ என்று ஒவ்வொரு சேகரக் கமிட்டியிலும் எங்களை வாசலிலேயே நிறுத்துகிறார்களே, அந்த வாசலைத் திறந்து பார்த்துவிடுவது என்று படிக்க ஆரம்பித்தோம். அந்தப் பெரியம்மா கேட்டது கோட்பாட்டுக்கு வெளியே நிற்கும் கேள்வி அல்ல என்று இப்போது சொல்ல முடியும். அந்தக் கோட்பாடு பிறந்ததே அப்படியொரு கேள்வியில்தான்.

பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். அந்தியோகியா நகரம். யூதரல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார் பேதுரு. எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் சிலர் வந்ததும் அவர்களுக்குப் பயந்து பந்தியை விட்டு விலகிக்கொண்டார். மற்ற யூதர்களும் அவர் பின்னால் போனார்கள், பவுலின் தோழரான பர்னபாவும் போனார். பவுல் பேதுருவைத் தனியாகக் கூப்பிட்டு நயமாகச் சொல்லவில்லை. எல்லார் முன்னிலையிலும் எதிர்த்தார். அவர் குற்றம்சாட்டியது ஒழுக்கக்குறைவு என்று அல்ல, நற்செய்தியின் சத்தியத்துக்குப் பொருந்தாத நடை என்று. மூச்சுவிடாமல் அதே ஓட்டத்தில்தான், நியாயப்பிரமாணத்தின் கிரியைகளால் அல்ல, கிறிஸ்துவைப் பற்றும் விசுவாசத்தினாலேயே மனிதர் நீதிமானாக்கப்படுகிறார் என்ற வாதத்தைத் தொடங்குகிறார். நிருபத்தில் அந்த வாதம் தலையெடுக்கும் இடமே ஒரு பந்தித் தகராறு. நம் ஊர்ப் பிரசங்கங்களில் பதினாறாம் வசனம் கேட்கிறோம். அதற்கு முன்னால் இருக்கும் சாப்பாடு எங்கே போனது?

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்தியோகியாவில் நடந்ததைச் சாதி என்று நாங்கள் சொல்லவில்லை. யூதர்கள் அன்று ரோமின் காலடியில் கிடந்த சிறிய இனம். உணவு விதிகள் அவர்கள் தம் அடையாளத்தைக் காத்துக்கொண்ட வேலி. நம் ஊர் ஆதிக்க சாதியின் தீட்டோடு அதை ஒப்பிடுவது அநியாயம். ‘கிரியைகளால் மோட்சத்தைச் சம்பாதிக்கப் பார்த்தவர்கள் யூதர்கள்’ என்ற பழைய படமும் தவறு என்று 1977இல் ஈ. பி. சாண்டர்ஸ் எழுதிய நூலுக்குப் பிறகு பல அறிஞர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். நாங்கள் எடுத்துக்கொள்வது ஒன்றை மட்டும்: விசுவாசம் போதும் என்று ஏற்றுக்கொண்ட பிறகு, பந்தியில் உட்கார இன்னொரு தகுதியைக் கேட்பது அந்த ஏற்பையே மறுப்பது என்று பவுல் கண்டார்.

சரி, யாக்கோபின் நிருபம் இதற்கு எதிர்க்கட்சி அல்லவா? விசுவாசம் மட்டும் போதாது, கிரியையும் வேண்டும் என்கிறாரே, லூத்தர் அதை ‘வைக்கோல் நிருபம்’ என்று ஒதுக்கினாரே என்பார்கள். அந்த இரண்டாம் அதிகாரமும் எங்கிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். பொன்மோதிரம் போட்டவன் சபைக்குள் வந்தால் நல்ல இடம், கந்தை உடுத்தவன் வந்தால் நில் அல்லது கால்மாட்டில் உட்கார். அங்கே பந்தி, இங்கே இருக்கை. பவுலையும் யாக்கோபையும் நூற்றாண்டுக் கணக்காக மோதவிட்ட பேராசிரியர்கள், இரண்டு பேரும் சபையின் தரையைப் பார்த்தே பேசினார்கள் என்பதைப் பெரும்பாலும் கடந்து போய்விட்டார்கள்.

ஏன் கடந்து போனார்கள் என்பதற்கு 1963இல் க்ரிஸ்டர் ஸ்டெண்டால் ஒரு விளக்கம் தந்தார். மேற்குலகம் பவுலைத் தன் குற்ற உணர்வின் வழியாகப் படித்தது என்றார் அவர். லூத்தரின் கேள்வி, பாவியான எனக்கு இரக்கமுள்ள கடவுள் எங்கே கிடைப்பார் என்பது. அவருக்கு அது உயிர்போகும் கேள்வி, நாங்கள் மதிக்கிறோம். ஆனால் சேரியின் கேள்வி வேறு. நான் செய்த பாவத்தை யார் மன்னிப்பார் என்பதற்கு முன்னால், நான் செய்யாத ஒன்றுக்காக என்னை அசுத்தம் என்று தீர்ப்பெழுதியிருக்கிறார்களே, அந்தத் தீர்ப்பை யார் ரத்து செய்வார் என்பது. நீதிமானாக்கப்படுதல் என்பது வழக்குமன்றச் சொல். நீதிபதி ஒருவரைக் குற்றமற்றவர் என்று அறிவிப்பது. கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியத்தில் ‘ஏற்புடையவர்’ என்று வருகிறது. எங்களுக்கு அந்தச் சொல் இன்னும் பிடிக்கிறது, ஏற்பு என்றால் என்னவென்று தெருவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

விளக்க வேண்டிய சொல் ‘விசுவாசம்’தான். பண்ணையில் வேலை பார்த்த எங்கள் தாத்தாக்களுக்கு விசுவாசம் என்றால் முதலாளிக்கு வாலாட்டுவது. ‘விசுவாசமான ஆள்’ என்றால் அடித்தாலும் ஓடாத ஆள். கூட்டங்களில் இந்தச் சொல்லைக் கேட்டதும் இளைஞர்கள் முகம் சுளிப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். பவுல் எழுதிய கிரேக்கச் சொல் பிஸ்டிஸ். நம்புதல் என்றும் பொருள், நம்பியவரைக் கைவிடாத உண்மை என்றும் பொருள். அதனால் அந்தப் பதினாறாம் வசனத்திலேயே, கிறிஸ்துவின் மேல் நாம் வைக்கும் நம்பிக்கையா, நம்மிடம் கிறிஸ்து காட்டிய உண்மையா என்று 1980களிலிருந்து அறிஞர்களிடையே பெரிய விவாதம் நடக்கிறது. தீர்ப்பு எங்கள் கையில் இல்லை. ஆனால் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது அடிமை எஜமானுக்குக் காட்டும் பணிவு அல்ல. ஏற்கெனவே திறந்த கதவு திறந்துதான் இருக்கிறது என்று நம்பி உள்ளே நடப்பது. அதில் துணிச்சல் இருக்கிறது.

தமிழ் மண்ணில் இந்தக் கோட்பாடு வந்திறங்கியது 1706இல், தரங்கம்பாடியில், சீகன்பால்கோடும் புளுட்சோவோடும். விசுவாசம் மட்டும் என்பது அவர்களது சபையின் உயிர்நாடி. அதே மரபில் வளர்ந்த தஞ்சைக் கவிராயர் வேதநாயகம் சாஸ்திரியார், கோயிலுக்குள் சாதி வேறுபாட்டை விட மாட்டோம் என்று 1829இல் வாதாடி எழுதினார். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதியை உடனடியாக முற்றிலும் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டதும் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறித்தவர் பலர் வெளியேறினார்கள். 1850இல் சென்னை மிஷனரிகள் மாநாடு இன்னும் ஒரு படி போனது. பறையர் சமைத்ததைச் சாப்பிட்டுச் சாதியை முறித்துக்கொள்ளாதவருக்குச் சபையில் இடமில்லை என்றது. மறுபடியும் பந்தி! லைப்சிக் மிஷன் மட்டும் இதை ஏற்கவில்லை.

லைப்சிக் மிஷனின் காரல் கிரவுல் சொன்ன காரணத்தை எளிதில் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் இன்றும் படித்த குருமார்கள் அதையே சொல்கிறார்கள். சாதி நாட்டு வழக்கம், சிவில் அமைப்பு. சாப்பிட்டுக் காட்டினால்தான் சபையில் இடம் என்றால், விசுவாசத்தோடு ஒரு கிரியையைச் சேர்த்து நிபந்தனை ஆக்குகிறீர்கள். அது லூத்தரின் கோட்பாட்டுக்கே விரோதம். காலப்போக்கில் அன்பினால் சாதி தானாகக் கரையும். இதுதான் வாதம்.

நாங்கள் இதை மூன்று கூட்டங்களில் வைத்துப் பேசினோம். வாதத்தின் ஓட்டை எங்கே என்று கடைசியில் கண்டுசொன்னவர் ஒரு தையல் தொழிலாளி. ‘நிபந்தனை போட்டது யாரு? நாமளா? பந்தியில உட்கார நீ இன்ன சாதியா இருக்கணும்னு முதல்ல சொன்னது அவங்க. அத எடுன்னு சொன்னா, அது எப்படிப் புது நிபந்தனை ஆகும்?’ என்றார். அவ்வளவுதான். விசுவாசம் வெறுங்கை என்றால், சாதியைப் பிடித்திருக்கும் கை வெறுங்கை அல்ல. அதைக் கீழே போடுவது புண்ணியக் கணக்கில் ஏறும் நற்செயலும் அல்ல, வாங்குவதற்குக் கையை விரிப்பது. தானாகக் கரையும் என்றதற்கு வயது நூற்றைம்பதைத் தாண்டிவிட்டது.

கத்தோலிக்கத் தரப்பு இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. வடக்கன்குளத்தில் வேளாளருக்கும் நாடாருக்கும் நடுவே கோயிலுக்குள்ளேயே சுவர் நின்றது, 1910இல்தான் இடிந்தது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன் உலக சம்மேளனமும் வத்திக்கானும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. பெரிய நிகழ்வுதான், நானூறு ஆண்டுக்கு மேற்பட்ட சாபங்கள் அத்தோடு வலுவிழந்தன. மொத்தம் 44 பத்திகள். நீதிமானாக்கப்படுதலுக்கும் சமூக அறத்துக்கும் என்ன உறவு என்ற கேள்வி 43ஆம் பத்தியில், இனிமேல் தெளிவுபடுத்த வேண்டியவை என்ற வரிசையில் வருகிறது. பந்தியில் தொடங்கிய விஷயம், கடைசிக்கு முந்தைய பத்தியில் பாக்கியாக நிற்கிறது.

வேறு மாதிரியும் செய்ய முடியும் என்பதற்குச் சான்று தென்னாப்பிரிக்கா. அங்கே 1857இல் டச்சு சீர்திருத்த சபையின் மன்றம், சிலரது பலவீனத்தை முன்னிட்டு, கறுப்பின விசுவாசிகள் தனியாக ஆராதிக்கலாம் என்றது. பலவீனம் வெள்ளையருடையது, வெளியே போனது மற்றவர்கள். அந்தச் சலுகை பிறகு தனித்தனிச் சபையாகவே ஆனது. 1977இல் தாருஸ்ஸலாமில் கூடிய லூத்தரன் உலக சம்மேளனம், நிறவெறியை விசுவாச அறிக்கையே பணயத்தில் இருக்கும் நிலை என்று அறிவித்தது. 1984இல் அங்குள்ள வெள்ளையர் சபைகளின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது. 1982இல் ஒட்டாவாவில் சீர்திருத்த சபைகளின் உலகக் கூட்டமைப்பும் அதையே செய்தது, நிறவெறிக்கு இறையியல் நியாயம் கற்பிப்பது வேதப்புரட்டு என்றது. சமூகப் பிரச்சினை என்று தள்ளிவைக்கவில்லை. பந்தி பிரிந்தால் விசுவாசம் பொய்யாகிறது என்றார்கள். சாதிக்காக அப்படி ஒரு பேராயம் தன் சேகரம் ஒன்றின் உறுப்புரிமையை நிறுத்தி நாங்கள் பார்த்ததில்லை.

விசுவாசம் மட்டும் போதும் என்று முழுமனதாக நம்புகிற ஒரு நிறுவனம் நம் நாட்டில் உண்டு, அது இந்திய அரசு. 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணையின் மூன்றாம் பத்திப்படி இந்து மதத்தை, பின்னர் செய்த திருத்தங்களின்படி சீக்கியத்தை அல்லது பௌத்தத்தைச் சாராதவர் பட்டியல் சாதி அல்ல. ஞானஸ்நானத் தண்ணீர் காய்வதற்குள் இரண்டாயிரம் ஆண்டு இழிவு சட்டப்படி போய்விடுகிறது! சென்னையில் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை என்பவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்று நிறுவப்படவில்லை என 1985இல் மனு தள்ளுபடி ஆனது. எங்கள் பெரியம்மாவின் பேரனுக்குச் சான்றிதழ் கிடைக்காததும் இதனால்தான். தாலுகா அலுவலகத்தில் அவன் கிறித்தவன், அடுப்படியில் அவன் கீழத்தெருக்காரன்.

இதையெல்லாம் எங்களுக்கு முன்பே ஒருவர் எளிமையாகச் சொல்லிவிட்டார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய தியோபிலஸ் அப்பாவு, ‘பரட்டை அண்ணன்’. பறையும் கிராமியப் பாட்டும் வைத்து இறையியல் பேசியவர். அவருடைய மையக் கருத்துகளில் ஒன்று ‘ஒரே உலை’. எல்லார் அரிசியும் ஒரே உலையில் கொதித்து, எல்லாரும் அதிலிருந்து உண்பது. நற்கருணையை அவர் அப்படித்தான் புரிந்துகொண்டார். கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்துக்கு இதைவிடச் சுருக்கமான தமிழ் உரையை நாங்கள் படித்ததில்லை.

அந்த ஊருக்கு நாங்கள் மறுபடி போனோம், பெரியம்மாவுக்குப் பதில் சொல்ல. முழுவதையும் கேட்டுவிட்டு, “இத எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய? எனக்குத்தான் தெரியுமே. கமிட்டில போய்ச் சொல்லுங்க” என்றார். கீழத்தெருப் பெண்கள் கூடி ஒரு மனு எழுதினார்கள். வரும் அசனத்துக்கு வழக்கம்போல அரிசி தருவோம், அரிசியோடு அகப்பை பிடிக்க எங்கள் தெருவிலிருந்து நான்கு பேர் வருவோம், பெயர்கள் கீழே. இரண்டு மாதமாகிறது. சேகரக் கமிட்டி இன்னும் பதில் தரவில்லை. அரிசி எப்போது வரும் என்று மட்டும் கோயிற்பிள்ளை வந்து ஒருமுறை கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.