பெட்டியைப் படத்துக்காக அளக்காதீர்கள்

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரித் தமிழ்க் கழகம் நடத்திய கவிதை ஒப்புவிக்கும் போட்டிக்கு அகப்பக்கம் செய்து கொடுத்தவன் நான். பதிவு முடிந்த மறுநாள் காலை ஆறாம் படிவ மாணவி ஒருவர் அழைத்தார். "அண்ணா, இன்னும் பெயர் கொடுக்கலாமா? பக்கத்தில் கடைசி நாளே போடவில்லையே" என்றார்.

போட்டிருந்தேன். படத்தின் வலப்பக்கத்தில் தெளிவாகப் போட்டிருந்தேன். என் மடிக்கணினியில் அது பளிச்சென்று தெரிந்தது. அவருடைய கைத்தொலைபேசியில் அது இல்லவே இல்லை. பட்டியல் நடுவர்களுக்குப் போய்விட்டதால் அவரைச் சேர்க்க முடியவில்லை. "பரவாயில்லை அண்ணா" என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்குத்தான் அன்று முழுவதும் மனம் ஆறவில்லை.

நடந்தது இதுதான். படம் 1200 பிக்சல் அகலம், 500 பிக்சல் உயரம். இடப்பக்கம் தலைப்பு, நடுவில் ஒரு தாமரை, வலப்பக்கம் நாள், நேரம், இடம். அதை ஒரு பெட்டிக்குப் பின்னணியாக வைத்தேன். சி.எஸ்.எஸ். கற்கத் தொடங்குபவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இது. பின்னணிப் படம் பெட்டியின் அளவைத் தீர்மானிப்பதில்லை. பெட்டிக்குள் எழுத்தோ வேறு எதுவுமோ இல்லாவிட்டால் அதன் உயரம் சுழியம்தான். படம் எவ்வளவு பெரிதானாலும் துளியும் தெரியாது. சுவருக்குச் சாயம் பூசுகிறோம், சாயத்துக்காகச் சுவர் வளர்வதில்லை அல்லவா? ஆகவே பலரையும்போல் நானும் பெட்டியின் உயரத்தை 500 பிக்சல் என்று கட்டிப் போட்டேன். பேக்கிரவுண்ட்-சைஸ் என்ற பண்புக்குக் 'கவர்' என்று கொடுத்து, படத்தை நடுவில் நிறுத்தினேன்.

'கவர்' என்றால், வெற்றிடம் விடாமல் நிரப்பு, மிஞ்சுவதை வெட்டு என்று பொருள். 360 பிக்சல் அகலமுள்ள திரையில் என் பெட்டி 360-க்கு 500 ஆகிவிடுகிறது. அந்த 500 உயரத்தை நிரப்பப் படம் தன் முழு அளவிலேயே நிற்க வேண்டும். 1200 பிக்சலில் நடுவிலுள்ள 360 மட்டும் தெரியும். இந்தப் பக்கம் 420, அந்தப் பக்கம் 420 காணாமல் போகும். அந்த மாணவி பார்த்தது தாமரையை மட்டும்தான்.

அன்றிரவே திருத்த உட்கார்ந்தேன். 'கவர்' என்பதைக் 'கண்டெய்ன்' ஆக்கினேன். படம் முழுதாகத் தெரிந்தது, ஆனால் 150 பிக்சல் உயரத்துக்குச் சுருங்கி, மீதி 350 பிக்சல் வெறுமையாகக் கிடந்தது. பிறகு உயரத்தை நீக்கிவிட்டு ஆஸ்பெக்ட்-ரேஷியோ என்ற பண்பில் 1200/500 என்று எழுதினேன். இந்தப் பண்பு குரோம், பயர்பாக்ஸ், சஃபாரி மூன்றுக்கும் 2021-ல் வந்து சேர்ந்தது. அதற்கு முன் மூத்தவர்கள் 500-ஐ 1200-ஆல் வகுத்து, 41.67 விழுக்காட்டைக் கீழ்ப்பக்கப் பேடிங்காகக் கொடுத்து இதே வேலையைச் செய்தார்கள். விழுக்காட்டில் கொடுக்கும் பேடிங் அகலத்தை வைத்தே கணக்கிடப்படும் என்பதால் அந்த உத்தி பலித்தது. எப்படியோ, இப்போது பெட்டியும் படமும் மயிரிழை பிசகாமல் பொருந்தின. பாடநூல் கேட்கும் விடை கிடைத்துவிட்டது.

ஆனால் நான் 30 பிக்சலில் எழுதிய தேதி, கைத்தொலைபேசியில் 9 பிக்சலாகச் சுருங்கியிருந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தும் 8-ஆ 6-ஆ என்று எனக்கே தெரியவில்லை.

அப்போதுதான் நான் தவறான கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருந்தது புரிந்தது. பெட்டியைப் படத்தின் அளவுக்குக் கொண்டுவருவது எப்படி என்று கேட்பதற்கு முன், அந்தப் படத்தில் படிக்க வேண்டியது ஏதேனும் இருக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும். இருந்தால் அது பின்னணியே அல்ல.

சோதனைக்காக என் கைத்தொலைபேசியில் திரையை வாசிக்கும் டாக்பேக்கை இயக்கிக் கண்ணை மூடிக் கேட்டேன். மேலேயுள்ள பட்டியலை வாசித்தது. அடுத்து நேராகப் பதிவுப் பொத்தானுக்குத் தாவிவிட்டது. நடுவில் ஒரு போட்டி இருப்பதற்கான அடையாளமே இல்லை. பின்னணிப் படத்துக்கு மாற்றுரை எழுத இடமில்லை. பார்வையற்ற மாணவர் ஒருவர் அந்தப் பக்கத்துக்கு வந்திருந்தால் எதற்குப் பதிவு செய்கிறோம் என்றே அவருக்குத் தெரிந்திருக்காது.

"எழுத்தைப் படத்தில் வைத்தால்தானே அழகு?" என்று கழகத்தில் ஓவியம் வரையும் நண்பன் கோபித்துக்கொண்டான். அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. தமிழ் எழுத்துரு இல்லாத கணினிகளில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரிந்த காலத்தில், எழுத்தைப் படமாக்கி ஏற்றுவதைத் தவிர நம்மவர்களுக்கு வழியில்லை. அந்தப் பழக்கம் இன்னும் நம்மை விடவில்லை. இன்று ஒருங்குறி வந்துவிட்டது. நம் நாட்டு முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி எழுத்துரு ஆப்பிள் கணினிகளிலேயே இருக்கிறது. பிடித்த எழுத்துருவை, உரிமம் இடங்கொடுத்தால், பக்கத்தோடு சேர்த்தே அனுப்பலாம். இனியும் தேதியைப் படத்துக்குள் புதைப்பது சோம்பல் என்பேன். என் சோம்பலையும் சேர்த்தே சொல்கிறேன்.

வகுப்பிலும் இதைக் கொஞ்சம் மாற்றலாம். எங்கள் இடுபணியில் "பின்னணிப் படம் பெட்டிக்குச் சரியாகப் பொருந்த வேண்டும்" என்பதற்குத் தனி மதிப்பெண் இருந்தது. எல்லாரும் வாங்கினோம். திருத்தியவர் பார்த்ததெல்லாம் பெரிய திரையில்தான்.

படம்தான் செய்தி என்றால், ஒரு மாணவரின் ஓவியமோ விழாப் புகைப்படமோ என்றால், அதைப் பின்னணியில் ஒளிக்காமல் எச்.டி.எம்.எல். படக் குறியில் போடுங்கள். அகலம் 100 விழுக்காடு, உயரம் ஆட்டோ என்றால் இடத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். ஆல்ட் பண்பில் மாற்றுரையும் எழுதலாம். படம் வெறும் அலங்காரம் என்றால் பெட்டியின் அளவை எழுத்திடம் விடுங்கள். உயரத்தைக் கட்டாதீர்கள்; மின்-ஹைட் என்று குறைந்த அளவை மட்டும் சொல்லி, சுற்றிலும் பேடிங் கொடுங்கள். தமிழுக்கு இது மிக அவசியம். மலாயில் 'டப்தார்' என்று ஒரே சொல்லில் முடிவது நமக்குப் 'பதிவு செய்துகொள்ளுங்கள்' என்று நீள்கிறது. மலாய்ப் பக்கத்துக்கு அளந்த பெட்டியில் தமிழை ஊற்றினால், கடைசி வரி வெளியே வழிவதை நம் பக்கங்கள் பலவற்றில் பார்க்கிறேன்.

இவ்வாண்டுப் போட்டிக்கும் பக்கம் செய்தது நான்தான். அதே தாமரை, அதே 'கவர்', ஆனால் படத்தில் ஓர் எழுத்துகூட இல்லை. வெளியிடுவதற்கு முன் அம்மாவின் கைத்தொலைபேசியில் திறந்தேன். கண்ணாடி போட மறந்துவிடுவதால் எழுத்தை மிகப் பெரிதாக்கி வைத்திருப்பார். பெட்டி நீண்டு திரையின் பாதியைப் பிடித்துக்கொண்டது. தாமரையில் இரண்டு இதழ் வெட்டுப்பட்டது. அம்மா கடைசி நாளைச் சத்தமாக வாசித்துவிட்டு, "பூவைக் கொஞ்சம் நகர்த்திப் போடேன்" என்றார்.