மூன்று ஆண்டுகளில் ஒருவர் என்ன செய்துவிட முடியும்?



இவ்வாண்டின் தொடக்கத்தில் நடைபெற்ற பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தந்தையார் எழுந்து நின்று என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். மாலை வேளைகளில் நம் பிள்ளைகளுக்குக் காற்பந்து பழக்கிக்கொடுத்த இளம் ஆசிரியர் மாற்றலாகிச் செல்கிறார் என்னும் செய்தியை நான் அறிவித்த நேரம் அது. "ஈராண்டுகூட முழுதாக இருக்கவில்லையே, ஐயா. இப்படி வருவதும் போவதுமாக இருக்கும் ஆசிரியர்களால் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன பயன்?" என்று அவர் கேட்டார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது. அன்று அவருக்கு நான் தக்க விடை கூறவில்லை. அந்த விடையை இவ்வாண்டு மலரில் எழுத விழைகின்றேன்.

நம்மவரிடையே ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. ஓரிடத்தில் நெடுங்காலம் பணியாற்றியவரே சிறந்த தொண்டர். சிறிது காலம் இருந்து சென்றவர் வழிப்போக்கர் என்பதே அந்த எண்ணம். நீண்ட காலத் தொண்டு போற்றத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஆண்டுகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு ஒருவரின் பணியை அளப்பது தவறு என்பது என் கருத்து. இதற்குச் சான்றாகக் காற்பந்து உலகில் நிகழ்ந்த ஒரு வரலாற்றைக் கூறுகின்றேன். நான் பிறப்பதற்கு முன்னர் இங்கிலாந்தில் நடந்தது அது. காற்பந்தில் எனக்குள்ள பற்றின் காரணமாக அதைப் பற்றிப் பலகாலும் படித்திருக்கின்றேன்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1934-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பிறந்தவர் டேவ் மக்காய். ஹார்ட்ஸ் கழகத்தில் ஆடிப் பெயர் பெற்று, 1959-இல் இலண்டனின் டோட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் கழகத்தில் சேர்ந்தார். அக்கழகம் 1961-இல் லீக் பட்டத்தையும் இங்கிலாந்துக் கிண்ணத்தையும் ஒரே பருவத்தில் வென்றபோது அவர் அதன் நடுத்திடல் தூணாக விளங்கினார். 1963 டிசம்பரில் ஓர் ஆட்டத்தில் அவருடைய இடக்கால் முறிந்தது. தேறி வந்து மீண்டும் ஆடத் தொடங்கியபோது, 1964-இல் அதே கால் இரண்டாம் முறையாக முறிந்தது. இனி அவ்வளவுதான் என்று பலரும் எண்ணினர். அவரோ மீண்டும் எழுந்து வந்து, 1967-இல் குழுத் தலைவராக இங்கிலாந்துக் கிண்ணத்தைக் கையில் ஏந்தினார்.

1968-இல் அவருக்கு வயது 33. காற்பந்து ஆட்டக்காரருக்கு அது ஓய்வை எண்ணும் வயதாகும். தாம் முதலில் ஆடிய ஹார்ட்ஸ் கழகத்திற்கே திரும்பிச் சென்றுவிடலாம் என்றுதான் அவரும் எண்ணியிருந்தார். அந்த வேளையில் அவரைத் தேடி இலண்டனுக்கு வந்தார் டர்பி கவுண்டி கழகத்தின் நிர்வாகி பிரையன் கிளஃப். இதில் வியப்பு என்னவென்றால், கிளஃப் அவரைவிட நான்கு மாதம் இளையவர். தம்மினும் இளைய நிர்வாகியின் கீழ், அதுவும் இரண்டாம் பிரிவில் பதினெட்டாம் இடத்தில் கிடந்த ஒரு கழகத்தில் போய் ஆட முதலில் மக்காய் இசையவில்லை. கிளஃபும் விடவில்லை. பேசிப் பேசியே அவரை இணங்க வைத்தார். 5,000 பவுனுக்கு அவர் டர்பிக்கு வந்து சேர்ந்தார். இதைத் தியாகம் என்று கூற மாட்டேன். நல்ல ஊதியம் பேசிக்கொண்டே அவர் வந்தார். உழைப்பவர் தக்க கூலியைக் கேட்பதில் குற்றமில்லை. அந்தக் கூலிக்கு அவர் எப்படி உழைத்தார் என்பதே நாம் பார்க்க வேண்டியது.

நடுத்திடலில் ஓடியாடிப் பழகிய அவரைக் கிளஃப் பின்வரிசைக்கு அனுப்பினார். இனி அதிகம் ஓட வேண்டுவதில்லை. தற்காப்பு வரிசையில் நின்று ஆட்டத்தைக் கவனித்து, இளைஞர்களுக்கு வழிசொல்ல வேண்டும் என்பதே அவருக்கு இடப்பட்ட பணி. அவருக்குப் பக்கத்தில் நின்ற தற்காப்பு ஆட்டக்காரர் ராய் மெக்ஃபார்லண்ட், அப்போது இருபது வயது இளைஞர். கால் வேகம் குறைந்த மூத்தவர் ஒருவரும் அனுபவம் குறைந்த இளையவர் ஒருவரும் சேர்ந்து கோலைக் காத்தனர். எங்கே நிற்க வேண்டும், எப்போது முன்னேற வேண்டும், பந்தை அவசரப்பட்டு வெளியே உதைக்காமல் எவ்வாறு நிதானமாகத் தோழனுக்குக் கொடுக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் அந்த இளைஞர் பக்கத்திலிருந்தே கற்றுக்கொண்டார். பயிற்சியில் நடக்கும் சிறு ஆட்டத்தையும் மக்காய் இறுதியாட்டம் போலவே கருதி ஆடினார் என்பது உடன் ஆடியோர் பலரும் கூறிய செய்தியாகும்.

இதன் விளைவைக் கணக்கிலேயே காணலாம். அவர் வருவதற்கு முந்திய பருவத்தில் டர்பி குழு 42 லீக் ஆட்டங்களில் 71 கோல் அடித்தது. 78 கோல் வாங்கியது. அவர் வந்த 1968-69 பருவத்தில் அதே 42 ஆட்டங்களில் 65 கோல் அடித்தது. 32 கோல் மட்டுமே வாங்கியது. மாணவர்களே, இந்த எண்களைச் சற்று நிதானித்துப் பாருங்கள். கோல் அடித்த எண்ணிக்கை முந்திய ஆண்டைவிடக் குறைந்தே இருக்கிறது. ஆயினும் பதினெட்டாம் இடத்தில் இருந்த குழு, 63 புள்ளிகளுடன், அடுத்த குழுவைவிட ஏழு புள்ளிகள் முந்தி, முதலிடத்தைப் பிடித்தது. 1953-இல் முதற்பிரிவிலிருந்து கீழிறங்கிய கழகம், பதினாறு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் மேலேறியது. நம் பள்ளித் திடலில் எல்லாரும் முன்வரிசையில் நின்று கோலடிக்கவே விரும்புகிறீர்கள். பின்னால் நில் என்றால் முகம் வாடிவிடுகிறது. பின்னால் நிற்பவனின் பெயர் கோல் கணக்கில் ஏறுவதில்லை என்பது உண்மையே. ஆனால், அவன் இல்லையென்றால் முன்னால் நிற்பவன் அடிக்கும் கோல்கள் ஓட்டைப் பானையில் ஊற்றிய நீராகிவிடும்.

அவ்வாண்டில் இங்கிலாந்தின் காற்பந்து எழுத்தாளர்கள் சிறந்த ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்தபோது வாக்குகள் சரிசமமாகப் பிரிந்தன. மக்காயும், மான்செஸ்டர் சிட்டி கழகத்தின் தற்காப்பு ஆட்டக்காரர் டோனி புக்கும் 1969-ஆம் ஆண்டின் விருதைப் பகிர்ந்துகொண்டனர். இருவரும் 34 வயதினர். டோனி புக், கட்டடத் தளங்களில் செங்கல் அடுக்கும் கொத்து வேலை செய்துகொண்டே ஆடி, முப்பதை நெருங்கும் வயதில்தான் லீக் ஆட்டத்திற்கு வந்தவர். உடல் உழைத்து வாழும் பெற்றோரின் பிள்ளைகளாகிய நீங்கள் இச்செய்தியை மனத்தில் கொள்ள வேண்டும்.

முதற்பிரிவுக்கு வந்த டர்பி, முதற்பருவத்திலேயே நான்காம் இடத்தைப் பெற்றது. 1969 செப்டம்பரில், மக்காயின் பழைய கழகமான டோட்டன்ஹாம் டர்பியின் திடலுக்கு வந்து 5-0 எனத் தோற்றுத் திரும்பியது. அன்று திரண்ட கூட்டம் 41,826 பேர். அந்தத் திடலின் வரலாற்றிலேயே மிகப் பெரிய கூட்டம் அதுதான். 1970-71 பருவத்தில், 36 வயதில், ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிடாமல் 42 லீக் ஆட்டங்களிலும் அவர் களமிறங்கினார். பின்னர் 1971-இல் சுவின்டன் டவுன் கழகத்திற்கு விடைபெற்றுச் சென்றார். டர்பியில் அவர் ஆடியது மூன்றே பருவங்கள்.

அவர் சென்ற பிறகு நடந்ததைத்தான் நான் முதன்மையாகக் கருதுகின்றேன். அடுத்த 1971-72 பருவத்தில், மெக்ஃபார்லண்ட் தலைமையில், டர்பி கவுண்டி 58 புள்ளிகள் பெற்று, ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில் இங்கிலாந்தின் லீக் பட்டத்தை வென்றது. அக்கழகத்தின் வரலாற்றிலேயே அதுதான் முதற்பட்டம். அந்த வெற்றியில் மக்காய் ஆடவில்லை.

"அவர் போன பிறகுதானே பட்டம் கிடைத்தது, அப்படியானால் அவர் இல்லாமலே முடியும் என்றுதானே பொருள்?" என்று ஒருவர் வாதிடக்கூடும். அவருடைய இடத்திற்குக் கோலின் டாட் என்னும் இளந் தற்காப்பு ஆட்டக்காரரைப் பெரும்பணம் கொடுத்து முன்கூட்டியே வாங்கியிருந்தனர் என்பதும், கிளஃபின் திறமையும் அவர் துணைவர் பீட்டர் டெய்லரின் கூர்ந்த பார்வையும் அந்த வெற்றிக்குக் காரணம் என்பதும் மறுக்க முடியாதவை. ஒருவரே ஒரு குழுவை உருவாக்கிவிட முடியாது. ஆயினும், அவர் இல்லாமலே அவர்களால் முடிந்தது என்பதுதான் அவருடைய பணிக்குக் கிடைத்த சான்று என்பேன். தம்மைப் பிடித்துக்கொண்டே நடக்கும் குழுவை அவர் விட்டுச் செல்லவில்லை. தானாக நடக்கும் குழுவை விட்டுச் சென்றார். பக்கத்தில் நின்ற இருபது வயது இளைஞர், மூன்றாண்டுகளுக்குப் பின் பிறருக்கு வழிசொல்லும் தலைவராகி இருந்தார். 1973 அக்டோபரில் கிளஃப் பதவி விலகியபோது டர்பிக்கு நிர்வாகியாக அழைத்துவரப்பட்டவரும் மக்காயே. அவர் நிர்வாகத்தில் 1974-75 பருவத்தில் அக்கழகம் இரண்டாம் முறையாகப் பட்டம் வென்றது. 2015-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், தம் எண்பதாம் வயதில், அவர் காலமானார்.

இப்போது அந்தத் தந்தையாரின் கேள்விக்கு வருகின்றேன். ஆசிரியர்கள் அடிக்கடி மாறுவதால் பிள்ளைகளுக்கு இழப்பே இல்லை என்று நான் கூற மாட்டேன். ஒரு முகத்திற்குப் பழகிய குழந்தை இன்னொரு முகத்திற்குப் பழகச் சில மாதங்கள் ஆகும். சிறிய தோட்டப்பள்ளிகளில் அந்த இழப்பு பெரிதாகவே தெரியும். ஓர் ஆசிரியர் சென்றால் ஒரு பாடம் மட்டுமன்று, ஒரு விளையாட்டும், ஒரு மன்றமும் சேர்ந்தே நின்றுவிடுகின்றன. இதை நானும் வருந்தியே ஏற்கின்றேன்.

ஆனால், "என்ன பயன்?" என்னும் சொல்லை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. அந்த இளம் ஆசிரியர் விடைபெற்றுச் சென்ற மூன்றாம் வாரத்தில், ஒருநாள் மாலை அலுவலகச் சன்னல் வழியே திடலைப் பார்த்தேன். பயிற்றுநர் எவரும் இல்லை. பிள்ளைகள் தாங்களே இரு குழுவாகப் பிரிந்து ஆடிக்கொண்டிருந்தனர். சென்ற ஆண்டு பின்வரிசையில் நிற்க மாட்டேன் என்று அழுத ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன், அன்று பின்வரிசையில் நின்றுகொண்டு, "நீ இந்தப் பக்கம் வா, தம்பி, அவனை விட்டுவிடாதே" என்று நான்காம் ஆண்டுச் சிறுவனுக்குக் கைகாட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் குரலில் அந்த ஆசிரியரின் குரலைக் கேட்டேன். ஈராண்டு நிறையாத பணிக்கு இதைவிடப் பெரிய பயனை நான் எங்கே தேடுவேன்?

பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். புதிதாக ஓர் ஆசிரியர் வரும்போது, "எத்தனை ஆண்டு இருப்பீர்கள்?" என்று முதலில் கேட்காதீர்கள். இருக்கும் நாளில் அவரிடமிருந்து முழுமையாகக் கற்றுக்கொள்ளும்படி பிள்ளைகளை அனுப்பிவையுங்கள். ஆசிரியப் பெருமக்களுக்கும், அவர்களுள் ஒருவனாகிய எனக்கும், ஒரு கடமை உண்டு. நாம் சென்ற பிறகு நம்மைத் தேடி ஏங்கும் பிள்ளைகளை உருவாக்குவது எளிது. நாம் இல்லாமலே நின்று வெல்லும் பிள்ளைகளை உருவாக்குவதே அரிது. ஓய்வு பெறும் நாளை எண்ணத் தொடங்கியிருக்கும் எனக்கு அந்த எண்ணம் முன்னைவிட அடிக்கடி வருகின்றது.

ஆறாம் ஆண்டு மாணவச் செல்வங்களே, நீங்களும் இன்னும் சில திங்களில் இப்பள்ளியை விட்டு இடைநிலைப்பள்ளிக்குச் செல்லப் போகின்றீர்கள். இங்கே எஞ்சியிருப்பது சில மாதங்களே. கடைசி நாள் வரும்வரை, பக்கத்தில் நிற்கும் இளையவனுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். நீங்கள் சென்ற பிறகும் நம் திடலில் ஆட்டம் தொடர்ந்து நடக்க வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்