மனை வாங்கவா? வாடகை வாங்கவா?

லாரிக்குப் பெயர் போன ஊர் சங்ககிரி. அங்கே லாரி ஓட்டி நாலு காசு மிச்சம் பிடித்தவர் என்ன செய்வார்? மனை வாங்குவார். கல் நட்டு, கலர் கொடி கட்டியிருப்பார்கள். இடம் பார்க்க இலவச வேன். மதியச் சாப்பாடும் உண்டு!

வாங்கியாயிற்று. அப்புறம்? வெறும் மனைக்கு வாடகை வராது. கருவேல முள்தான் முளைக்கும். திடீரென்று 50 ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டால், மனையில் ஒரு மூலையை மட்டும் வெட்டி விற்க முடியுமா?

2016 செப்டம்பரை மறந்துவிடக் கூடாது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யச் சென்னை ஐகோர்ட்டு தடை போட்டது. கையில் பத்திரம் இருந்தும் விற்க முடியாமல் பலர் மாதக்கணக்கில் திண்டாடினார்கள். 2017-ல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டு வந்த பிறகுதான் வழி பிறந்தது.

மிச்சம் பிடித்த பணத்துக்கு வேறொரு வழியும் இருக்கிறது. அதன் பெயர் 'ரீட்'.

பங்குக் கிணறு மாதிரி!

பலரிடம் பணம் திரட்டி, பெரிய ஆபீஸ் கட்டிடங்களையும் கடை வளாகங்களையும் வாங்கி வாடகைக்கு விடும் டிரஸ்டுதான் ரீட். பங்காளிகள் சேர்ந்து கிணறு வெட்டி, பங்குக்குத் தக்கபடி தண்ணீர் இறைப்பார்கள் அல்லவா? அது போலத்தான். இங்கே பங்குக்கு 'யூனிட்' என்று பெயர்.

அமெரிக்காவில் 1960-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் 'செபி' 2014-ல் விதி வகுத்தது. முதல் ரீட்டான எம்பசி 2019-ல் சந்தைக்கு வந்தது. 2023-ல் வந்த நெக்ஸஸ் ரீட்டின் சொத்துகளில் சென்னை வடபழனி விஜயா மாலும் ஒன்று. ஒரு காலத்தில் விஜயா வாகினி ஸ்டுடியோ இருந்த இடம் அது. சினிமா ரசிகர்களுக்குச் சொல்லவா வேண்டும்! அங்கே கடைக்காரர்கள் கட்டும் வாடகையில் சங்ககிரி டிரைவருக்கும் ஒரு துளி கிடைக்கலாம்.

பங்கிட வேண்டிய வருமானத்தில் 100 ரூபாய்க்கு 90 ரூபாயாவது யூனிட்காரர்களுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது கொடுக்க வேண்டும். சொத்தில் 80 சதவீதம், கட்டி முடித்து வருமானம் வருவதாக இருக்க வேண்டும். பொட்டல் காட்டைக் காட்டிப் பணம் திரட்ட முடியாது.

ஆரம்பத்தில் புது வெளியீட்டுக்கு 2 லட்சம் ரூபாய் இல்லாமல் மனுப்போட முடியாது. 2021-ல் அது 10 முதல் 15 ஆயிரமாகக் குறைந்தது. சந்தையில் ஒரே ஒரு யூனிட்கூட வாங்கலாம். அவசரம் என்றால், தேவைக்குத் தக்கபடி நாலைந்து யூனிட்டை மட்டும் விற்கலாம்.

விலை ஏறும், இறங்கவும் இறங்கும். 2020-ல் கொரோனா வந்தபோது மால்கள் பூட்டிக் கிடந்தன. பாங்கி டெபாசிட் போல இவ்வளவு வட்டி என்று உறுதி கிடையாது. எனவே அடுத்த வருஷக் கல்யாணப் பணத்தை இதில் போடக் கூடாது. குடியிருக்க வீடு இல்லாதவர் முதலில் வீட்டைத்தான் பார்க்க வேண்டும். வீடும் இருந்து, இரண்டு மனையும் சும்மா கிடக்க, மூன்றாவதற்கு முன்பணம் எடுத்து வைத்திருக்கிறாரே, அவர் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

வாங்குவதும் விற்பதும் டிமேட் கணக்கு வழியாகத்தான். ரீட் என்று சொல்லி யாராவது வீட்டு வாசலில் வந்து ரொக்கம் கேட்டால், கதவைச் சாத்திவிடலாம்.